நீலக் கோட்டை மறைத்த பிறகு

"இந்தக் கோடெல்லாம் புத்தகத்துல வருமா, தம்பி?"

டிடிபி வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும் எழுத்தாளரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த பெண்ணின் அப்பாவும் இதையேதான் கேட்பார். திருவல்லிக்கேணியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடையில் இரண்டு வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். பதில் மனப்பாடம். "வராதுங்க, இது நமக்காக மட்டும்." சொல்லிக்கொண்டே டபிள்யூவைத் தட்டுவேன். கோடுகள் காணாமல் போகும். வெள்ளைப் பக்கமும் கறுப்பு எழுத்தும் மட்டும் நிற்கும். உட்கார்ந்திருப்பவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அப்பாடா, இது புத்தகம்தான்.

இந்தக் கட்டுரை அந்த நிம்மதியைப் பற்றியது. அதை நான் சந்தேகப்படத் தொடங்கி ரொம்ப நாளாகிறது.

முதலில் அந்தக் கோடு என்ன என்று சொல்லிவிடுகிறேன். இன்டிசைனில் எழுத்து தானாகப் பக்கத்தில் நிற்காது. முதலில் ஒரு பெட்டி வரைய வேண்டும். எழுத்து அந்தப் பெட்டிக்குள்தான் ஓடும். பெட்டி எவ்வளவு அகலமோ அங்கே வரி மடியும். எவ்வளவு உயரமோ அங்கே எழுத்து நின்றுவிடும். பெட்டியின் ஓரத்தை மென்பொருள் ஒரு மெல்லிய கோடாகக் காட்டும். மாற்றாமல் விட்டால் அது இளநீலம். அச்சில் வராது. கண்ட்ரோலையும் ஹெச்சையும் சேர்த்து அழுத்தினால் இந்த ஓரக்கோடு மட்டும் மறையும். ஒற்றை டபிள்யூ இதோடு சேர்த்து விளிம்பு வழிகாட்டி, பத்திக் கோடு, பக்கத்துக்கு வெளியே போட்டு வைத்திருக்கும் சாமான்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். (கர்சர் எழுத்துக்குள் நிற்கும்போது மறந்துபோய் டபிள்யூவைத் தட்டினால் எதுவும் மறையாது. கவிதைக்குள் சம்பந்தமில்லாமல் ஒரு எழுத்து போய் உட்காரும். அப்படி உட்கார்ந்தவை சில அச்சுக்கும் போயிருக்கின்றன.)

பெட்டி எங்கும் போவதில்லை. கோடுதான் போகிறது. வரி மடிந்த இடம் மடிந்த இடம்தான். இந்தச் சின்ன வித்தியாசத்தைத்தான் நாம், வாசகர்களும் விமர்சகர்களும், வசதியாக மறந்துவிடுகிறோம் என்பது என் வாதம். குறிப்பாகப் புதுக்கவிதையில்.

*

மறைப்பதற்கு நியாயம் உண்டு. அதை முதலில் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும்.

கோடு தெரியும்போது கண் ஏமாறும். பத்தியைச் சுற்றி ஒரு வேலி இருந்தால் வெற்றிடம் வெற்றிடமாகத் தெரியாது. எழுத்து பக்கத்தின் நடுவில் இருக்கிறதா, கீழே சரிந்து கிடக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. அண்ணன், அதாவது கடைக்காரர், இதை ஒரே வரியில் சொல்வார்: "கோட்டோட பாத்தா வேலை தெரியும், கோடில்லாம பாத்தாத்தான் பக்கம் தெரியும்."

அண்ணன் சொன்னதன் பின்பாதியை 1930இல் பியாட்ரிஸ் வார்டு லண்டனில் அச்சுத்துறையினர் முன்னால் ஓர் உரையாகவே ஆற்றினார். பின்னாளில் 'படிகக் கிண்ணம்' என்ற பொருள்படும் தலைப்பில் அது உலகமெங்கும் வாசிக்கப்பட்டது. அவர் வாதம் எளிமையானது. நல்ல திராட்சை மதுவைத் தங்கக் கிண்ணத்தில் கொடுத்தால் கண் கிண்ணத்தில் நின்றுவிடும். மெல்லிய கண்ணாடியில் கொடுத்தால் மது தெரியும். அச்சும் அப்படித்தான் இருக்க வேண்டும், வாசகருக்கும் எழுத்துக்கும் நடுவில் அது தெரியவே கூடாது. இன்றைக்கும் புத்தக வடிவமைப்புப் பாடம் எங்கே நடந்தாலும் இந்த உரையைத் தொடாமல் போவதில்லை.

ஆனால் அதைச் சொன்னவரின் கதை அதைவிடச் சுவாரசியம். வார்டு அமெரிக்கப் பெண். 1926இல் 'ஃப்ளூரான்' என்ற அச்சுக்கலை இதழில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை பெரிய பரபரப்பை உண்டாக்கியது. பிரெஞ்சு அரசு அச்சகத்தில் காராமோன்ட் வெட்டியவை என்று கொண்டாடப்பட்ட எழுத்துருக்கள் உண்மையில் அவருக்குப் பிந்தைய ஜான் ஜனோன் என்பவர் வெட்டியவை என்று நிறுவிய கட்டுரை அது. அதை அவர் எழுதியது பால் போஜோன் என்ற ஆண் பெயரில். மோனோடைப் நிறுவனம் அந்தப் போஜோனை வேலைக்குக் கூப்பிட்டது. வந்து நின்றது ஒரு பெண் என்று பார்த்து அவர்கள் திகைத்துப்போனார்கள்.

ஒரு எழுத்துரு யாருடையது என்று கோட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தவரும், அச்சு கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று சொன்னவரும், தன் பெயரையே மறைத்துக்கொள்ள நேர்ந்தவரும் ஒரே ஆள். எனக்கு இது முரண்பாடாகப் படவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தை ஊதிச் செய்தவருக்குத்தான் அதன் விளிம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். குடிப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மதுவின் ருசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வருபவருக்கு? அங்கேதான் எனக்குச் சிக்கல்.

*

ஒரு கவிஞர் எங்கள் கடைக்கு வந்தார். வயதானவர், அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் தொகுப்பு. முதல் நாள் அவர் கேட்டதும் அந்தக் கோட்டுக் கேள்விதான். அந்த நீலக் கோடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. "அதை எடுத்துடுங்க தம்பி, கவிதையை ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு" என்றார். நானும் டபிள்யூவைத் தட்டிவிட்டேன். அதன் பிறகு அவர் வந்த நாளெல்லாம் நாங்கள் கோடில்லாமல்தான் வேலை செய்தோம்.

ஒரு கவிதைக்கு ஒரு பெட்டி. புரூஃப் எடுத்தோம், அவர் திருத்தினார், சரி. கடைசி நேரத்தில் எழுத்துரு பிடிக்கவில்லை என்று வேறொன்று மாற்றச் சொன்னார். புது எழுத்துரு கொஞ்சம் அகலம். மாற்றினேன். பக்கங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் அழகாக இருந்தன. அச்சுக்குப் போனது. 500 படி.

இன்டிசைனில் பெட்டிக்குள் எழுத்து அடங்காவிட்டால் அதன் வலது கீழ் ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கூட்டல் குறி தெரியும். உள்ளே இன்னும் எழுத்து இருக்கிறது, வெளியே வர இடமில்லை என்று அர்த்தம். டபிள்யூவைத் தட்டினால் அந்தக் கூட்டல் குறியும் சேர்ந்து மறைந்துவிடும். 2008இல் வந்த சிஎஸ்4 பதிப்பிலிருந்து திரையின் கீழே ஒரு சிவப்புப் புள்ளி எச்சரிக்கும். எங்கள் கடையில் இருந்தது அதற்கு முந்தையது.

ஒரு கவிதையின் கடைசி இரண்டு வரி பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டன.

அப்பா இறந்த பிறகு ஒரு மகள் பூர்வீக வீட்டைக் காலி செய்துவிட்டுப் பூட்டுகிறாள். அறை அறையாகச் சாத்திக்கொண்டு வருகிறாள். வாசல் கதவைப் பூட்டுகிறாள். புத்தகத்தில் அந்த இடத்தோடு கவிதை முடிந்துவிட்டது. கைப்பிரதியில், பூட்டிய பிறகு உள்ளேயிருந்து யாரோ இருமுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து ஒரு சிற்றிதழில் மதிப்புரை வந்தது. எழுதியவர் அந்தக் கவிதையைத் தனியாக எடுத்துப் பாராட்டியிருந்தார். பூட்டு விழுந்ததோடு கவிதையும் பூட்டிக்கொள்கிறது, மிகையாக ஒரு சொல் இல்லை, இந்தத் தொகுப்பிலேயே அடக்கத்தின் உச்சம் இதுதான் என்று. ஒரு முழுப் பத்தி.

கவிஞர் அந்த இதழை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அந்த ரெண்டு வரிக்காகத்தான் தம்பி அதை எழுதவே செஞ்சேன்" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்து, "நல்லாத்தான் எழுதியிருக்காரு, பாவம், அவருகிட்ட என்னத்தச் சொல்றது" என்றார். அண்ணன் திரும்ப அச்சடித்துத் தருவதாகச் சொன்னார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, இரண்டு வரியையும் பேனாவால் எழுதிக் கொடுப்பார். எனக்குக் கொடுத்த படியிலும் எழுதியிருக்கிறார்.

தப்பு என்னுடையது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த மதிப்புரை இன்றைக்கும் என்னை விடவில்லை. அவர் நல்ல விமர்சகர். கவிதையை உண்மையிலேயே ஊன்றிப் படித்திருந்தார். அவர் புகழ்ந்த அடக்கம் அந்தப் பக்கத்தில் இருந்ததுதான். ஆனால் அதை உண்டாக்கியது கவிஞர் இல்லை. அகலமான ஒரு எழுத்துரு, உயரம் போதாத ஒரு பெட்டி, மறைந்துபோன ஒரு கூட்டல் குறி.

*

அந்தக் காலத்தில் இந்தக் கோட்டுக்கு யாரும் வெட்கப்பட்டதில்லை.

ஐரோப்பாவில் தோல் ஏட்டில் எழுதியவர்கள் முதலில் ஓரத்தில் வரிசையாகத் துளை குத்தி, அந்தத் துளைகளை இணைத்துக் கோடு கிழித்துக்கொண்டுதான் எழுதினார்கள். அந்தக் கோடுகளை அழிக்கவில்லை. பல நூற்றாண்டு கழித்தும் அவை தெரிகின்றன. வேடிக்கை என்னவென்றால், அச்சு வந்து கோட்டுக்குத் தேவையே இல்லாமல் போன பிறகும், அச்சடித்த சில புத்தகங்களில் வரிகளுக்கு நடுவிலும் பத்தியைச் சுற்றியும் சிவப்பு மையால் கையாலேயே கோடு போட்டார்கள். கோடு இருந்தால்தான் அது ஒரு மரியாதையான புத்தகம். நாம் மறைக்கப் பாடுபடுவதை அவர்கள் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

நம் பக்கம் கதை வேறு. பனையோலையில் எழுதுகிறவருக்கு ஓலையின் நரம்பே கோடு. கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுத்து ஒதுங்கி இடம் விட்டிருக்கும். ஓலை தரும் சட்டகம் அது. எழுத்தாணியால் கீறிய எழுத்தோ முதலில் சரியாகத் தெரியாது. மையாடல் செய்து, அதாவது கரியும் மஞ்சளும் இலைச்சாறும் பூசித் துடைத்த பிறகுதான் எழுந்து வரும். அங்கே எழுத்துதான் ஒளிந்திருந்தது, சட்டகம் இல்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஓலையில் செய்யுளை வரி பிரித்து எழுதவில்லை. அடி முடிந்தாலும் முடியாவிட்டாலும் ஓலையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் புள்ளிகூட இருக்காது. ஆனாலும் 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அடி எங்கே முடிகிறது என்பதைச் செய்யுளிலிருந்தே கண்டுகொள்ள முடிந்தது. காரணம், வரி ஓலையில் இல்லை, யாப்பில் இருந்தது. சீரும் தளையும் எதுகையும் அடியைக் காவல் காத்தன. ஓலையை இரண்டாக வெட்டினாலும், பக்கத்தைக் குறுக்கினாலும், காதால் கேட்டே அடியை மீட்டுவிடலாம்.

புதுக்கவிதை அந்தக் காவலை வேண்டாம் என்றது. நல்ல காரணங்களோடுதான் சொன்னது. ஆனால் அதோடு வரியின் முழுப் பொறுப்பும் பக்கத்தின் மேல் வந்து விழுந்தது. ந. பிச்சமூர்த்தி விட்மனைப் படித்து உந்துதல் பெற்றதும், 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கு மேடையானதும் நமக்குத் தெரியும். அந்த வரலாற்றை நாம் உள்ளடக்கத்தின் வரலாறாகவும் மொழியின் வரலாறாகவும் பேசியிருக்கிறோம். பக்க அகலத்தின் வரலாறாகப் பேசியதில்லை. யாப்பு இல்லாத கவிதையில் வரி எங்கே முறிகிறது என்பதற்குத் தாளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியை யாராவது மாற்றிவிட்டால் மீட்க வழியில்லை.

*

விட்மனுக்கு இது தெரிந்திருந்தது. அவர் அச்சகத்தில் வளர்ந்தவர், அச்சுக் கோக்கத் தெரிந்தவர். 1855இல் 'புல்லின் இதழ்கள்' முதல் பதிப்பு புரூக்ளினில் அச்சானபோது அதில் கொஞ்சம் அவரே கையால் கோத்ததாகச் சொல்வார்கள். அது பெரிய, அகலமான பக்கம். அவருடைய நீண்ட வரிகள் அதில் மூச்சுவிட முடிந்தது. அடுத்த வருஷமே வந்த இரண்டாம் பதிப்பு சட்டைப்பையில் வைக்கிற மாதிரி குட்டிப் புத்தகம். அதே வரிகள் அங்கே மடிந்து மடிந்து விழுந்தன. ஆனால் வாசகருக்குக் குழப்பம் வரவில்லை. ஆங்கில அச்சில் அதற்கு ஒரு பழக்கம் இருந்தது: இடம் போதாமல் மடிந்த பகுதியை உள்ளே தள்ளிப் போடுவார்கள். தள்ளியிருந்தால் அது பழைய வரியின் மிச்சம். ஓரத்தில் தொடங்கினால் புது வரி. அந்தச் சின்ன இடைவெளி, மறைத்த பெட்டியின் ஓரத்தை வாசகருக்கு ரகசியமாகச் சொல்லிவிடும்.

தமிழில் இந்தப் பழக்கம் ஊன்றவில்லை. நம் கவிதைத் தொகுப்புகளில் நிறைய டெமி 1/8 அல்லது அதைவிடச் சின்ன கிரவுன் 1/8 அளவில் வருகின்றன. நம் சொற்களோ நீளம். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு சொல் போட்டால் பாதி வரி போயிற்று. கவிஞர் ஒரே வரியாக எழுதியது பெட்டிக்குள் இடமில்லாமல் மடியும். மடிந்த ஒற்றைச் சொல் ஓரத்தோடு ஓரமாக, தனி வரி மாதிரி கம்பீரமாக நிற்கும். கோட்டை மறைத்துவிட்டால் எது கவிஞர் வைத்த வரி, எது பெட்டி வைத்த வரி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு நாம் என்ன செய்கிறோம்? அந்த ஒற்றைச் சொல்லின் தனிமையைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறோம்.

நானும் எழுதியிருக்கிறேன். கடையை விட்டு வந்து, கட்டுரை எழுத ஆரம்பித்த புதிதில், ஒரு தொகுப்பைப் பற்றி எழுதும்போது வரி முறிப்பை மட்டும் வைத்து ஒரு பக்கம் பேசினேன். பிறகு அதே கவிதையை இணைய இதழ் ஒன்றில் பார்த்தேன். நான் பேசிய முறிப்பு அங்கே இல்லை. வரி ஒரே நீட்டாக ஓடியது. பெட்டி வேலையாகவே இரண்டு வருஷம் இருந்த எனக்கே அது படவில்லை என்றால், வாசகர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. மறைத்தல் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

*

இப்போது நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருவோம். பெரும்பாலும் போனில்தான் படிப்பீர்கள். அங்கேயும் பெட்டி இருக்கிறது. அதன் அகலம் உங்கள் போனின் அகலம். எழுத்தின் அளவு உங்கள் கண்ணின் சௌகரியம். அதற்கு நீலக் கோடு கிடையாது, தட்டிப் பார்க்க டபிள்யூவும் கிடையாது. உங்களுக்கு எட்டுச் சொல்லில் மடியும் வரி உங்கள் நண்பருக்கு ஐந்து சொல்லில் மடிகிறது. இரண்டு பேரும் ஒரே கவிதையைப் பற்றித்தான் பேசுவதாக நினைத்துக்கொள்கிறீர்கள். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டால் உங்கள் போனின் அகலம் அந்தக் கவிதையின் வடிவமாகவே உறைந்துவிடுகிறது. அங்கிருந்து பார்த்து இன்னொருவர் தட்டச்சு செய்வார். மூன்றாவது கையில் அதுதான் மூலம்.

"அர்த்தம் மாறாதே, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்கலாம். உரைநடையில் கேட்டால் ஒப்புக்கொள்வேன். இந்தக் கட்டுரை எங்கே மடிந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் வரி முறிப்பைத் தவிர வேறு இலக்கணமே வேண்டாம் என்று வந்த ஒரு வடிவத்தில், அந்த முறிப்பும் யாருடையது என்று தெரியாவிட்டால் நாம் எதை வாசிக்கிறோம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதிப்பாளர்கள் மடிந்த வரியை உள்ளே தள்ளிப் போடலாம். அதற்குக் காசு ஆகாது, ஒரு நிமிஷ வேலை. இணைய இதழ்களும் கவிதைப் பக்கங்களில் அதைச் செய்யலாம். விமர்சகர்கள் வரியைப் பற்றிப் பேசும் முன் இன்னொரு பதிப்பையோ கைப்பிரதியையோ கவிஞரையோ ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. போனில் ஒரு கவிதை படிக்கும்போது, ஏதாவது ஒரு வரி உடைந்த இடத்தில் மனசு நின்றுவிட்டால், போனைப் படுக்கவைத்துப் பாருங்கள். அந்த முறிப்பு அங்கேயே நின்றால், அதை ஒருவர் அங்கே வைத்திருக்கிறார். ஓடிப்போய் மேல் வரியோடு ஒட்டிக்கொண்டால், அது உங்கள் போனுடையது. அண்ணன் சொன்ன மாதிரி, கோட்டோடும் பார்க்க வேண்டும், கோடில்லாமலும் பார்க்க வேண்டும்.

அந்தக் கவிஞர் கொடுத்த படி என் அலமாரியில் இருக்கிறது. அச்சில் பூட்டோடு கவிதை முடிகிறது. அதற்குக் கீழே, விளிம்பு தாண்டி, நீல பால்பாயின்ட் பேனாவில், கொஞ்சம் கோணலாக இரண்டு வரி. அங்கே எந்தப் பெட்டியும் இல்லை.